வெந்நீரா, ஐஸா? முறைசார் மீளாய்வைச் செய்யவும் எடைபோடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரை கரையோரமாகப் போய், சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மணலைப் போட்டுத் தேய்ப்போம் என்பார் ஒருவர். வினிகர் என்பார் இன்னொருவர். எலுமிச்சை, சுண்ணாம்பு, வெந்நீர், ஐஸ் என்று பட்டியல் நீளும். ஒவ்வொருவரும் தனக்குக் கேட்டதைத்தான் சொல்கிறார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒரு கட்டுரை ஒன்றைச் சொல்லும், அடுத்தது அதை மறுக்கும்.

இந்தச் சிக்கலுக்கு வைத்த வழிதான் முறைசார் மீளாய்வு. குறிப்பிட்ட ஒரு கேள்விக்காக உலகில் எங்கு நடந்த ஆய்வையும் முன்கூட்டியே அறிவித்த முறைப்படி தேடி, தரம் பார்த்து, சேர்த்துச் சொல்லும் வேலை இது. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் எழுதும் இலக்கிய மீளாய்வில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்ளலாம். இங்கே எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று கணக்குக் காட்டவேண்டும்.

என் கட்சி இதுதான்: ஒரு மீளாய்வின் தலையெழுத்து, முடிவுகளை யாரும் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. கேள்வியிலும் திட்டத்திலும் தேடலிலும் கோட்டை விட்டால், பிறகு எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த மூன்றுக்கும் இடம் அதிகம்.

முதலில், யாராவது செய்துவிட்டார்களா என்று பாருங்கள்

2017-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் ப்ராஸ்பெரோ பதிவேட்டில் இருந்த 195 மீளாய்வுகளைப் பார்த்து, பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67 வாரம் ஆகிறது என்று சொன்னது. ஓராண்டுக்கு மேல். அதுவும் ஒருவர் வேலை இல்லை; குறைந்தது இரண்டு பேர் வேண்டும், மூவர் இருந்தால் நிம்மதி. இவ்வளவு உழைத்த பிறகு அதே மீளாய்வு ஏற்கெனவே இருப்பது தெரிந்தால் மனம் விட்டுப்போகும்.

எனவே முதல் வேலையாக, மருத்துவ மீளாய்வுகளின் இணையத் தொகுப்பான காக்ரேன் நூலகத்தைத் திறந்து பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வாங்கித் தந்த தேசியச் சந்தாவால்தான் இந்தியாவில் இருப்பவர்களுக்கு அதை முழுதாக வாசிக்க வழி பிறந்தது. அடுத்து ப்ராஸ்பெரோ, அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கும் மீளாய்வுகளும் தெரியும். நம் சொறிமுட்டைக் கேள்வியைக் காக்ரேன் நூலகத்தில் இட்டால், 2013-இல் முதலில் வெளியான ஒரு மீளாய்வு கிடைக்கிறது. அந்த முதல் பதிப்பில் ஏழு சோதனைகள், மொத்தம் 435 பேர். அவற்றில் மூன்று ஃபைசாலியா (புளூபாட்டில் என்ற சொறி) பற்றியவை, மூன்று ஹவாய்ப் பெட்டிச் சொறி பற்றியவை, ஒன்று கருகியா என்ற இன்னொரு சொறி பற்றியது. இந்த மீளாய்வை நாம் வழி நெடுகப் பயன்படுத்தப் போகிறோம்.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை. அது அண்மையில் தேடியதா, உங்கள் கேள்வியைத்தான் கேட்டதா, தரமாகச் செய்யப்பட்டதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் வேறு வேலை பாருங்கள், தவறே இல்லை.

கேள்வியைத் தீட்டுதல்

‘சொறி பட்டதற்குச் சிறந்த மருத்துவம் எது?’ என்பது டீக்கடைக் கேள்வி. மீளாய்வுக்கு அதை நான்காகப் பிரிக்கவேண்டும்: யாருக்கு, எதைச் செய்தால், எதோடு ஒப்பிட்டு, என்ன மாறவேண்டும். ஆங்கிலத்தில் இதன் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பிக்கோ என்பார்கள்.

யாருக்கு? கடலில் சொறி பட்ட எல்லோருக்குமா, பெரியவர்களுக்கு மட்டுமா? எந்த இனச் சொறி? எதைச் செய்தால்? ‘வெந்நீர்’ என்று எழுதினால் போதாது. 45 பாகை செல்சியஸா, கை பொறுக்கும் சூடா, முக்கி வைப்பதா, ஊற்றுவதா, எத்தனை நிமிடம்? எதோடு ஒப்பிட்டு? ஐஸ் பையோடா, சும்மா விட்டதோடா? என்ன மாறவேண்டும்? வலி பாதியாகக் குறைந்ததா, எத்தனையாவது நிமிடத்தில் அளந்தார்கள்?

கடைசிக் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். எந்த விளைவை முதன்மையாகக் கொள்வது என்பதைக் கட்டுரைகளை வாசிக்கும் முன்பே முடிவு செய்துவிடவேண்டும். வாசித்த பிறகு தேர்ந்தெடுத்தால், நல்ல எண் எங்கே இருக்கிறதோ அங்கே கை தானாகப் போகும்.

திட்டத்தை எழுதிப் பதிவு செய்தல்

கேள்வி, சேர்க்கும் விதி, விலக்கும் விதி, தேடும் தளங்கள், தரம் பார்க்கும் கருவி, முடிவுகளைச் சேர்க்கும் முறை ஆகிய அனைத்தையும் ஓர் ஆவணமாக எழுதித் தேதியோடு பொதுவில் வையுங்கள். மனித உடல்நலம் சார்ந்த கேள்வி என்றால் ப்ராஸ்பெரோ போதும்; யார்க் பல்கலைக்கழகம் 2011 முதல் இலவசமாக நடத்துகிறது. பாக் நீரிணையில் செயற்கைப் பவளப்பாறை போட்டதால் நாட்டுப்படகுக்காரர்களின் மீன்பாடு கூடியதா என்பது போன்ற கேள்வியை அது ஏற்காது. அத்தகைய சூழலியல் மீளாய்வுகளுக்கு ப்ரொசீட் என்ற தனிப் பதிவேடு இருக்கிறது.

வழியில் திட்டத்தை மாற்றக்கூடாதா? தாராளமாக மாற்றலாம். எப்போது, ஏன் மாற்றினோம் என்று எழுதிவையுங்கள். சொல்லாமல் மாற்றுவதுதான் குற்றம்.

தேடல்: பொறுமைக்கு வைக்கும் சோதனை

மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டில் ‘ஜெல்லிஃபிஷ்’ என்று ஒரு சொல்லைப் போட்டுத் தேடி முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேடல் ஆகாது. ஒவ்வொரு கருத்துக்கும் அதன் எல்லாப் பெயர்களையும் பட்டியலிட்டு ‘ஆர்’ (OR) என்ற இணைப்பால் கட்டவேண்டும். ஜெல்லிஃபிஷ், ஃபைசாலியா, புளூபாட்டில், பாக்ஸ் ஜெல்லிஃபிஷ், நிடேரியன், ஸ்கைஃபோசோவா என்று போகும். மருத்துவத்துக்கு இன்னொரு கட்டு. பிறகு இரண்டு கட்டுகளையும் ‘ஆண்ட்’ (AND) கொண்டு இணைக்கவேண்டும். பப்மெட் தனக்கென வைத்திருக்கும் மெஷ் தலைப்புச் சொற்களையும் சேர்க்கவேண்டும். கட்டுரைத் தலைப்பில் எழுதியவர் விநோதமான சொல்லைப் போட்டிருந்தாலும் மெஷ் பிடித்துக்கொடுத்துவிடும்.

தேடல் வரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் மீளாய்வில் கட்டாயம் இருக்கவேண்டியவை என்று உங்களுக்கு முன்பே தெரிந்த நாலைந்து கட்டுரைகளை எடுத்து வையுங்கள். தேடல் வரி அவற்றைப் பிடிக்கவில்லை என்றால் வலையில் ஓட்டை இருக்கிறது.

நம் கரை சம்பந்தப்பட்ட மீளாய்வு என்றால் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்ளும். ராமநாதபுரம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியும். பழைய கட்டுரைகளில் ‘ராம்நாட்’ என்றுதான் இருக்கும். ராமேஸ்வரம், மன்னார் வளைகுடா இரண்டுக்கும் எழுத்துக்கூட்டலில் வேறுபாடுகள் உண்டு. நம் ஊரில் வடகடல், தென்கடல் என்று சொல்வதைக் கட்டுரைகள் பாக் விரிகுடா என்றும் மன்னார் வளைகுடா என்றும் எழுதும். ‘ராம்நாட் மாவட்டம்’ என்று இருந்தால் ஆண்டையும் பாருங்கள். 1985-இல் மாவட்டம் பிரிவதற்கு முன் சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள்தான் இருந்தன. மீன்பிடிக் கணக்கு என்றால் பெரிதாகப் பாதிக்காது, கடற்கரை பெரும்பாலும் நம்மிடமே தங்கிவிட்டது. மக்கள்தொகை சார்ந்த நோய்க்கணக்கு என்றால் 1985-க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

உள்நாட்டில் நடந்த வேலைகளில் பெரும்பகுதி பன்னாட்டுத் தளங்களில் ஏறுவதே இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது; அதன் வெளியீடுகளும் அறிக்கைகளும் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. நேரில் போய்க் கேட்பதில் வெட்கம் வேண்டாம். மருத்துவச் சோதனைகளுக்கு 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டைப் பாருங்கள். பதிவு செய்துவிட்டு முடிவை வெளியிடாமல் விட்ட சோதனைகள் அங்கேதான் அகப்படும். பலன் தராத சோதனைகளே பெரும்பாலும் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். அவற்றை விட்டுவிட்டால் மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தெரியும்.

கூகுள் ஸ்காலரை மட்டும் நம்பாதீர்கள். எத்தனை ஆயிரம் கிடைத்ததாகச் சொன்னாலும் அது காட்டுவது முதல் ஆயிரத்தைத்தான். எம்பேஸ், ஸ்கோபஸ் போன்றவை கட்டணத் தளங்கள். அணுகல் உள்ள பல்கலைக்கழக நூலகர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டால் தேடல் வரியும் நன்றாக அமையும். கிடைத்த கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலையும், அவற்றைப் பின்னால் மேற்கோள் காட்டியவர்களையும் புரட்டுங்கள். மொழியால் எதையும் ஒதுக்காதீர்கள். எந்தத் தளத்தில், எந்த வரியை, எந்தத் தேதியில் இட்டீர்கள், எத்தனை வந்தன என்பதை அன்றைக்கே குறித்துவிடுங்கள்.

சலித்தல்

எல்லாத் தளங்களின் முடிவுகளையும் மேற்கோள்களைச் சேமிக்கும் ஜொட்டேரோ மென்பொருளில் கொட்டி இரட்டைகளை நீக்குங்கள். பிறகு இரண்டு பேர், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல், தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து வேண்டும், வேண்டாம், சந்தேகம் என்று பிரிக்கவேண்டும். ராய்யான் போன்ற இணையக் கருவி இதற்கென்றே இருக்கிறது. முதலில் ஓர் ஐம்பது கட்டுரையை மட்டும் இருவரும் பார்த்து ஒப்பிடுங்கள். அங்கே சண்டை வந்தால் குறை ஆளிடம் இல்லை, விதி தெளிவாக எழுதப்படவில்லை. விதியைத் திருத்திவிட்டுத் தொடருங்கள்.

தேறியவற்றின் முழுக் கட்டுரையை வரவழைத்து இன்னொரு சுற்று. இந்தச் சுற்றில் விலக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதவேண்டும். இந்த எண்ணிக்கைகளே பிறகு, மீளாய்வை எழுதும் நெறிமுறையான பிரிஸ்மா கேட்கும் ஓட்டப்படமாக மாறும்.

தரவு எடுத்தல்

ஒரு படிவம் செய்து, இரண்டு மூன்று கட்டுரைகளில் ஓட்டிப் பார்த்து, பிறகு இருவர் தனித்தனியே நிரப்புங்கள். அலகுகளில் கவனம் வேண்டும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்களே கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரு கட்டுரை ‘ஒரு நாள் மீன்பாடு’ என்று சொன்னால் அது கடலுக்குப் போன நாளா, காலண்டர் நாளா? எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்கவேண்டிய கேள்வி இது. கேட்டால் பலர் பதில் சொல்கிறார்கள்.

எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கு நம் சொறி மீளாய்விலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஃபைசாலியா பட்டவர்களுக்கு 45 பாகை வெந்நீரா, ஐஸ் பையா என்று ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இல் வெளியான சோதனை அது. பத்தாவது நிமிடத்தில் 96 பேரின் கணக்கு இருக்கிறது. இருபதாவது நிமிடத்தில் 88 பேர்தான். மீதி எட்டுப் பேர் எந்தக் குழுவில் இருந்தார்கள், வலி தீர்ந்து வீட்டுக்குப் போனார்களா, தாங்கமுடியாமல் மருத்துவமனைக்குப் போனார்களா? இரண்டுக்கும் பொருள் வேறு. படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் வைக்காதவர் இந்த எட்டுப் பேரைக் கவனித்திருக்கவே மாட்டார்.

ஒவ்வோர் ஆய்விலும் சாய்வு பார்த்தல்

சாய்வு என்பது முடிவை ஒரு பக்கமாக இழுத்துவிடும் குறை. குலுக்கல் முறையில் குழு பிரித்த சோதனைகளுக்கு 2019-இல் வந்த ராப் 2 என்ற கருவி ஐந்து இடங்களைத் துழாவச் சொல்கிறது: குலுக்கல் ஒழுங்காக நடந்ததா, சொன்ன சிகிச்சையிலிருந்து விலகினார்களா, யாருடைய முடிவு விடுபட்டது, விளைவை எப்படி அளந்தார்கள், பல முடிவுகளில் பிடித்ததை மட்டும் வெளியிட்டார்களா. குலுக்கல் இல்லாத ஆய்வுகளுக்கு ராபின்ஸ்-ஐ (ROBINS-I) என்ற கருவி.

வெந்நீர்ச் சோதனையை இந்த ஐந்திலும் நிறுத்திப் பாருங்கள். தன் காலில் இருப்பது சூடா குளிர்ச்சியா என்பது வலிப்பவருக்குத் தெரியும், மறைக்க வழியில்லை. வலியின் அளவைச் சொல்வதும் அவரே. வெந்நீர் நல்லது என்று முன்பே கேள்விப்பட்டவர் சற்றுத் தாராளமாகவே குறைந்தது என்பார். போதாக்குறைக்கு, பாதி வழியில் கணக்குப் பார்த்தபோது வெந்நீர் தெளிவாக முன்னே நின்றதால் சோதனையை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். நோயாளியின் நலன் பார்த்தால் நியாயம். ஆனால் முன்கூட்டியே நிறுத்திய சோதனைகள் பலனைக் கூட்டிக் காட்டும் போக்கு உடையவை. 2013 மீளாய்வு தன் ஏழு சோதனைகளில் ஆறுக்குச் சாய்வு அபாயம் அதிகம் என்று மதிப்பிட்டது.

செயற்கைப் பவளப்பாறைக் கேள்விக்கு வந்தால் சாய்வு வேறு வேடத்தில் வரும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன் அது 45 நாள். பாறை போடும் முன் 2015-இல் ஒரு முறை, போட்டபின் 2019-இல் ஒரு முறை அளந்துவிட்டு மீன்பாடு கூடியது என்று ஒருவர் எழுதினால், கூட்டியது பாறையா, நீண்ட தடைக்காலமா? பாறை போடாத பக்கத்துக் கடலையும் அதே காலத்தில் அளந்திருந்தால்தான் பதில் சொல்லமுடியும்.

ஒரு வேண்டுகோள்: தரத்துக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். பத்துக்கு ஏழு வாங்கிய ஆய்வு, விடுபட்ட மூன்றில் குலுக்கலைக் கோட்டை விட்டிருக்கலாம்.

சேர்ப்பதா, வேண்டாமா?

முடிவுகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் மெட்டா பகுப்பாய்வு கட்டாயம் இல்லை. பெட்டிச் சொறிக்கு வினிகர் ஊற்றியதையும் ஃபைசாலியாவுக்கு வெந்நீர் ஊற்றியதையும் சேர்த்துச் சராசரி காண்பது, நெத்திலியையும் சிங்கி இறாலையும் ஒரே கூடையில் போட்டு ஏலம் விடுவது போல. கணினி மறுக்காது, எண் ஒன்று வந்துவிடும். பொருள்தான் இராது. சேர்க்கமுடியாதபோது முடிவுகளை முறையாகச் சொற்களில் தொகுக்க ஸ்விம் என்ற வழிகாட்டுதல் 2020-இல் வந்தது. ஐந்து ஆய்வு ஆம் என்கிறது, மூன்று இல்லை என்கிறது என்று வாக்கு எண்ணுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இருபது பேரை வைத்துச் செய்ததற்கும் இரண்டாயிரம் பேரை வைத்துச் செய்ததற்கும் ஒரே ஓட்டு ஆகாது.

சேர்த்தால் கிடைப்பது ஃபாரெஸ்ட் பிளாட். ஒவ்வோர் ஆய்வும் ஒரு கட்டம்; அதன் இருபுறமும் நீளும் கோடு 95 விழுக்காடு நம்பக இடைவெளி, அதாவது விடை எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற எல்லை; கீழே உள்ள வைரம் கூட்டு முடிவு. நடுவில் உள்ள செங்குத்துக் கோடு ‘வித்தியாசம் இல்லை’ என்பதைக் குறிக்கும். விகிதம் என்றால் அது 1. வெந்நீர்ச் சோதனையில், வலி பாதியாவது குறைந்தவர்களின் விகிதம் (ஐஸ் குழுவோடு ஒப்பிட்டால் வெந்நீர்க் குழுவில் எத்தனை மடங்கு) பத்தாவது நிமிடத்தில் 1.66, இடைவெளி 1.01 முதல் 2.72 வரை. செங்குத்துக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இருபதாவது நிமிடத்தில் 2.66, இடைவெளி 1.71 முதல் 4.15 வரை. இப்போது கோட்டை விட்டு நன்றாக விலகிவிட்டது, ஆனாலும் பலன் ஒன்றே முக்கால் மடங்கா நாலு மடங்கா என்று தெரியாத அளவுக்கு அகலம்.

ஆய்வுகளுக்கு இடையே முரண் எவ்வளவு என்பதை ஐ-ஸ்கொயர் சொல்லும். 75 விழுக்காட்டைத் தாண்டினால் கூட்டு எண்ணைக் கொண்டாடும் முன் முரணுக்குக் காரணம் தேடுங்கள். வெளியிடப்படாதவை எவ்வளவு என்று ஊகிக்கப் புனல் வரைபடம் உண்டு. பத்து ஆய்வுகளுக்குக் குறைவாக இருந்தால் அதைப் போடாமலிருப்பதே மேல். மென்பொருளுக்குச் செலவு வேண்டாம், ஆர் (R) என்ற கணினி மொழியின் மெட்டாஃபர் தொகுப்பு இலவசம்.

எவ்வளவு நம்பலாம்?

கிரேட் முறையில் ஒவ்வொரு விளைவுக்கும் நம்பகத்தை உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கில் ஒன்றாகச் சொல்லவேண்டும். குலுக்கல் சோதனைகள் உயர்விலிருந்து தொடங்கும். சாய்வு, முரண், நேரடித் தொடர்பின்மை, துல்லியக் குறைவு, வெளியீட்டுச் சாய்வு என்ற ஐந்தில் குறை காணும்போது படி இறக்கவேண்டும். இவற்றில் நம் கரைக்கு மிக முக்கியமானது மூன்றாவது. ஆஸ்திரேலியாவில் ஃபைசாலியாவுக்குக் கேட்டது பாக் விரிகுடாவில் வேறு இனச் சொறிக்கும் கேட்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே பட்டது எந்தச் சொறி என்று பல நேரம் யாருக்கும் தெரிவதுமில்லை.

எழுதும்போது பிரிஸ்மா 2020 பட்டியலின் 27 உருப்படிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல ஒன்றுமில்லை.

பிறர் செய்த மீளாய்வை எடைபோடுதல்

நம்மில் பெரும்பாலோர் மீளாய்வு செய்வதைவிட வாசிப்பதே அதிகம். 2016-இல் ஆய்வுமுறைகளையே ஆராயும் ஜான் அயோனிடிஸ், வெளிவரும் மீளாய்வுகளில் பெரும்பாலானவை தேவையற்றவை அல்லது வழிதவறச் செய்பவை என்று கடுமையாகவே எழுதினார். ‘முறைசார்’ என்ற முத்திரையைப் பார்த்துக் கும்பிடு போடவேண்டாம் என்பதற்கு அது போதும்.

வாசிக்கும் ஒழுங்கை மாற்றிக்கொள்ளுங்கள். சுருக்கத்தின் கடைசி வரியை மறைத்துவிட்டு முறைப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். தேடிய கடைசித் தேதி எது? திட்டம் முன்பே பதிவானதா? பதிவேட்டில் போய்ப் பார்த்து, அங்கே சொன்ன முதன்மை விளைவும் கட்டுரையில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை; நிறைய வெளிச்சம் தரும். 2017-இல் வந்த ஆம்ஸ்டார் 2 இதற்காகவே 16 கேள்விகளைத் தருகிறது. அவற்றில் ஏழு முக்கியமானவை: முன்பதிவு, போதுமான தேடல், விலக்கியவற்றுக்குக் காரணம், சாய்வு மதிப்பீடு, சேர்த்த முறை, சாய்வை முடிவில் கணக்கில் கொண்டார்களா, வெளியீட்டுச் சாய்வைப் பார்த்தார்களா. இந்த ஏழில் ஒன்றில் விழுந்தாலே மீளாய்வு ‘குறைவு’ என்ற வரிசைக்குப் போய்விடும். பலர் விழுவது ஆறாவதில். நடுப்பக்கத்தில் ஆய்வுகளின் குறைகளைப் பட்டியலிட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் அவை இல்லாதது போல முடிவு எழுதுவார்கள்.

இன்னொன்று, ஆம்ஸ்டாரில் இல்லாதது: உள்ளே இருக்கும் ஆய்வு நடந்ததுதானா? கொரோனாக் காலத்தில் ஐவர்மெக்டின் மருந்து பற்றிய மீளாய்வுகள் சில, எகிப்திலிருந்து வந்த ஒரு முன்வரைவையும் (ஆய்விதழ் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் போடும் கட்டுரை) சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தன. தரவில் கடுமையான ஐயங்கள் எழுந்து 2021 ஜூலையில் அது வெளியான தளத்திலிருந்தே விலக்கப்பட்டது. அதை நீக்கியதும் அந்தக் கூட்டு முடிவுகளின் பலம் குறைந்தது. ஒரே ஓர் ஆய்வை எடுத்துவிட்டால் முடிவு தாங்குமா என்று எப்போதும் கேளுங்கள்.

தேதியின் கதைக்கு வருகிறேன். 2013 காக்ரேன் மீளாய்வை மட்டும் படித்தவர், ஐஸைவிட வெந்நீர் மேல், சான்றின் தரம் குறைவு என்று சொல்வார். அதே மீளாய்வு 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. ஒன்பது ஆய்வுகள், 574 பேர். இந்தமுறை எல்லாச் சான்றுக்கும் ‘மிகக் குறைவு’ என்று மதிப்பிட்டு, எந்தச் சிகிச்சையின் பலனையும் உறுதியாகச் சொல்லமுடியவில்லை என்றார்கள். ஆய்வுகள் கூடின, நம்பிக்கை இறங்கியது. பழைய பதிப்பை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தால் இப்போது கழற்றவேண்டியிருக்கும்.

இதைக் கரையில் போய் எப்படிச் சொல்வது? ‘ஆதாரம் போதவில்லை’ என்று மட்டும் சொன்னால் மறுபடி மணல்தான் வரும். மீளாய்வை எழுதி முடித்த கையோடு, மீனவர் கூட்டுறவுச் சங்கப் பலகையில் ஒட்டும் அளவில் நாலு வரி எழுதுங்கள்: மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ வேறெதையும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். தேய்க்கவேண்டாம். சுடாத அளவு வெந்நீர் ஒரு வகைச் சொறிக்கு வலியைக் குறைத்ததாக வெளிநாட்டில் ஒரு சிறிய சோதனை சொல்கிறது. நம் கடலின் சொறிகளுக்கு அது எப்படி என்று இன்னும் சோதித்துப் பார்க்கவேண்டும். கீழே, கடைசியாகத் தேடிய மாதமும் ஆண்டும்.